காரில் பாட்டுப் பெட்டி மாற்றுதல்: ஓர் இயற்பியல் நோக்கு

கார் வாங்கியவர் முதல் சில மாதங்களுக்குள் செய்ய நினைக்கும் வேலைகளுள் ஒன்று, தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த வானொலிக் கருவியைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தையில் விற்கும் ஸ்டீரியோ ஒன்றைப் பொருத்துவதாகும். பழைய கார் வாங்கியவருக்கோ இது விருப்பமன்று, பெரும்பாலும் தேவை. வண்டியில் இருக்கும் பெட்டி கேசட் காலத்ததாகவோ குறுந்தகட்டுக் காலத்ததாகவோ இருக்கும். பென்டிரைவ் செருக இடமிராது. பின்பக்கக் கேமராவுக்குத் திரை இராது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கார் எலக்ட்ரிக்கல் கடைகளில் இவ்வேலை நாள்தோறும் நடைபெறுகிறது. சிலர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ ரிச்சி தெருவுக்கோ சென்று பெட்டியை வாங்கி வந்து, ஊரில் பொருத்திக்கொள்கின்றனர்.

வாங்குபவர் கடையில் கேட்கும் கேள்விகள் இரண்டே: ‘எத்தனை வாட்?’, ‘எத்தனை அங்குலத் திரை?’ இவ்விரண்டும் அவ்வளவு முக்கியமல்ல என்பதும், பெட்டிக்குப் பின்னால் கண்ணுக்கு மறைவாக இருக்கும் பத்துப் பதினைந்து கம்பிகளே பயனையும் கேட்டையும் முடிவுசெய்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதனை விளங்கிக்கொள்ள இளநிலை முதலாண்டில் படிக்கும் மின்னியலே போதும். ஓம் விதி, மின்னோட்டத்தின் வெப்ப விளைவு, மின்தடைகளின் பக்க இணைப்பு ஆகியவற்றைத் தேர்வுக்காக மட்டும் படித்தோர் அவற்றைக் காரின் டேஷ்போர்டுக்குள் மறுபடியும் சந்திக்கலாம்.

முன்கதை

காரில் வானொலி வைப்பது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. அக்காலத்து வானொலியில் வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவற்றின் நேர்மின்வாய்க்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காரின் பேட்டரி தருவதோ 6 வோல்ட். எனவே தனியாக உலர்மின்கலங்களைத் தரைப்பலகைக்குக் கீழே அடுக்கி வைத்தனர். 1930இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கால்வின் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியே வணிக முறையில் வெற்றி பெற்ற முதல் கார் வானொலி எனக் கருதப்படுகிறது. அதற்கு அவர்கள் இட்ட ‘மோட்டோரோலா’ என்னும் பெயர் பின்னர் நிறுவனத்தின் பெயராகவே ஆயிற்று. ஐரோப்பாவில் 1932இல் பிளாபுங்க்ட் நிறுவனம் கார் வானொலியை வெளியிட்டது. பிறகு, அதிர்ந்து அதிர்ந்து மின்சுற்றை முறித்து இணைக்கும் ‘வைப்ரேட்டர்’ என்னும் உறுப்பும் ஒரு மின்மாற்றியும் சேர்ந்து, 6 வோல்ட்டை உயர் அழுத்தமாக்கும் வேலையை ஏற்றுக்கொண்டன. 1955இல் ஃபில்கோ நிறுவனம் கிறைஸ்லர் கார்களுக்காக முழுவதும் டிரான்சிஸ்டர்களால் ஆன வானொலியைச் செய்தது. உயர் அழுத்தத் தொல்லை அத்துடன் ஒழிந்தது.

நம் நாட்டில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் வானொலி என்பது பெரும்பாலும் உரிமையாளர் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் பொருளாக இருந்தது. அதற்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. அவ்வழக்கம் 1980களில் கைவிடப்பட்டது. ஆகவே ‘தொழிற்சாலைப் பெட்டியை மாற்றுவது’ என்ற சிக்கலே அன்று எழவில்லை. வெறுமையான இடத்தில் வைப்பது வேறு. இருப்பதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வைப்பது வேறு. இரண்டாவதில்தான் வண்டியில் ஏற்கனவே ஓடும் கம்பிகளோடு நாம் உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெட்டியின் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மானியத் தர அமைப்பு வகுத்த அளவே உலகெங்கும் வழக்கிலுள்ளது: முகப்பு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். அவ்வமைப்பின் பெயர்ச் சுருக்கமே ‘டின்’. உயரம் இரு மடங்கானால் ‘டபுள் டின்’. இப்போது வரும் 9 அங்குலம், 10 அங்குலத் திரைகள் இவ்வளவுக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்கு அந்தந்தக் கார் மாதிரிக்கென வார்த்த பிளாஸ்டிக் பிரேம் வேண்டும். பிரேம் கிடைக்காத இடத்தில் டேஷ்போர்டை ரம்பத்தால் அறுக்கும் கடைகளும் உண்டு. அறுத்ததை ஒட்ட வைக்க முடியாது என்பதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும்.

ஐம்பது வாட் என்னும் கணக்கு

அட்டைப்பெட்டியின் மேல் ‘50 வாட் × 4’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். இஃது எங்கிருந்து வந்தது?

இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். பெட்டிக்குள் உள்ள பெருக்கி, ஒவ்வோர் ஒலிபெருக்கியையும் இரு முனைகளிலும் எதிரெதிராக இயக்குகிறது. ஒரு முனை மேலே செல்லும்போது மறுமுனை கீழே வருகிறது. இதனைப் பாலச் சுற்று எனலாம். இம்முறையில் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கக்கூடிய உச்ச அழுத்தம் முழு 14.4 வோல்ட். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 4 ஓம் எனக் கொள்வோம். தூய சைன் அலைக்குப் பயனுறு மதிப்பு உச்சத்தை √2ஆல் வகுத்தால் வருவது, அதாவது 10.2 வோல்ட். திறன் = 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். டிரான்சிஸ்டர்களில் இழக்கப்படும் அழுத்தத்தையும் கழித்தால் 20 வாட்டை ஒட்டி வந்து நிற்கும்.

பிறகு ஐம்பது எப்படி வந்தது? சைன் அலையை அதன் தாங்கும் எல்லைக்கு மேல் பெருக்கினால் முகடுகள் வெட்டுப்பட்டு அது சதுர அலையாகிவிடும். சதுர அலைக்குப் பயனுறு மதிப்பும் உச்ச மதிப்பும் ஒன்றே. 14.4 × 14.4 ÷ 4 = 51.8 வாட்! ஆக, பாட்டு பாட்டாக இல்லாமல் கரகரப்பாக மாறிய பிறகு கிடைக்கும் எண்ணே அட்டைமேல் அச்சேறியிருக்கிறது. இது பொய்யன்று, ஆனால் கேட்கத் தகுந்த பாட்டின் அளவும் அன்று. இத்தகைய பெட்டிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் டி.டி.ஏ. 7388 என்னும் தொகுப்புச் சுற்றின் தகவலேட்டில் அதன் தயாரிப்பாளரே இரு எண்களையும் தருகிறார்: அதிகபட்சம் 45 வாட், 14.4 வோல்ட்டில், பத்து விழுக்காடு உருக்குலைவோடு, 26 வாட்.

நம்பாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. பெட்டியின் பின்புறம் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பல பெட்டிகளில் அது 10 ஆம்பியராக இருக்கும். 14.4 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 144 வாட். உள்ளே செல்வதே 144 வாட் என்றால் வெளியே 200 வாட் தொடர்ந்து வருவது எப்படி? ஆற்றல் அழியா விதி கடைக்காரருக்காக விலகி நிற்காது. இவ்வகைப் பெருக்கியின் பயனுறுதிறன் அறுபது விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 144இல் 86 வாட். நான்கு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 21 வாட். முன்பு வேறு வழியில் கண்ட விடையோடு இது பொருந்துவதைக் காண்க.

இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. காரின் சிறிய அறைக்கு 20 வாட் மிக அதிகமே. மேலும், திறன் இரு மடங்கானால் ஒலிச்செறிவு 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்றப் பத்து மடங்கு திறன் வேண்டும். எனவே நாற்பத்தைந்து வாட் பெட்டிக்கும் ஐம்பது வாட் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் காது அறியாது; பணப்பைதான் அறியும். கையில் இருக்கும் பணத்தைப் பெட்டியின் எண்ணுக்குச் செலவிடுவதைவிடக் கதவில் உள்ள காகிதக்கூம்பு ஒலிபெருக்கிகளை மாற்றச் செலவிடுவது மேல் என்பது என் துணிபு.

மஞ்சள், சிவப்பு, கறுப்பு

இனிக் கம்பிகளுக்கு வருவோம். வெளிச்சந்தைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் நிறங்கள் ஒரு மரபைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இணைந்திருப்பது; கடிகாரத்தையும் நினைவில் வைத்த நிலையங்களையும் காப்பது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது. கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்கு மின்சாரம் தருவது. வெள்ளைக் கோடிட்ட நீலம் தனிப் பெருக்கியை இயக்குவது. ஒலிபெருக்கிகளுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என நான்கு இணைகள். ஒவ்வோர் இணையிலும் கறுப்புக் கோடு உள்ளது எதிர்முனை.

இந்நிறங்கள் பெட்டியின் பக்கத்துக்கு மட்டுமே உரியவை என்பதை மறக்கலாகாது. காரின் பக்கத்திலிருந்து வரும் கம்பிகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் வைத்திருக்கிறது. மஞ்சளை மஞ்சளோடும் சிவப்பைச் சிவப்போடும் முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. காரில் மஞ்சள் உறையோடும் மஞ்சள் கப்ளரோடும் ஓடும் கம்பிகள் பெரும்பாலும் விபத்தின்போது விரியும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. ஆதலின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புக. சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது நிலை இணைப்பு. சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டுவது மற்றது.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் என்ன ஆகும்? பெட்டி பாடும், ஆனால் ஒவ்வொரு முறையும் சாவியை எடுத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். வோக்ஸ்வாகன் முதலிய சில ஐரோப்பிய வண்டிகளின் கப்ளரில் இவ்விரு முனைகளும் பொது வழக்குக்கு மாறாக அமைந்திருந்ததால் இக்குழப்பம் பலருக்கும் நேர்ந்தது. இதைவிடக் கேடானது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நிலை இணைப்பில் கொடுப்பது. சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம் என்று சிலர் விரும்பிக் கேட்டே அப்படிச் செய்துகொள்கின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய கார் ஒன்றின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. அதில் பாதி தீர்ந்தாலே இயந்திரத்தைக் கிளப்புவது ஐயம். அணைந்த நிலையில் முறையான பெட்டி 5 மில்லி ஆம்பியர் எடுக்கிறது எனில் பாதி தீர 3,500 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். சேர்த்துக் கட்டிய பெட்டி உறங்காமல் அரை ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தால் 35 மணி நேரம். சனிக்கிழமை காலை வண்டியை நிறுத்தியவர் திங்கட்கிழமை காலை தள்ளத்தான் வேண்டும்.

ஒலிபெருக்கிக் கம்பிகளில் வேறொரு பொறி இருக்கிறது. பழைய கார்கள் பலவற்றில் ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி மட்டுமே சென்றது. மறுமுனை காரின் உடலோடு இணைந்திருந்தது. மேலே கண்ட பாலச் சுற்றுப் பெருக்கியில் ஒலிபெருக்கியின் இரு முனைகளுமே பாட்டு இல்லாதபோது ஏறத்தாழ 7 வோல்ட்டில் நிற்பவை. அவற்றுள் ஒன்றை எர்த்தில் கொடுத்தால் பெருக்கியின் ஒரு பாதி நேரடியாகக் குறுக்குச் சுற்றாகிவிடும். சில பெட்டிகள் தம்மைக் காத்துக்கொண்டு ஊமையாகிவிடும். சில நிரந்தரமாகவே ஊமையாகிவிடும். பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ புதுப்பிப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் புதிதாக இரு கம்பிகளை இழுத்துவிடுவதே வழி. ஒரே முனையில் இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் தொங்கவிடுவதும் தவறு. அது 2 ஓம் ஆகிவிடும், மின்னோட்டம் இரட்டிக்கும், பெருக்கி சூடேறும்.

ஒலிபெருக்கியின் நேர்முனை எது, எதிர்முனை எது என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் டார்ச்சுக் கட்டை ஒன்று போதும். ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும் அல்லது உள்ளே போகும். வெளியே தள்ளினால், கட்டையின் நேர்முனை தொட்ட முனையே ஒலிபெருக்கியின் நேர்முனை. நான்கும் ஒரே போக்கில் இருக்கவேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு தவிலும் மிருதங்கமும் மெலிந்து ஒலிக்கும். அலைகளின் குறுக்கீட்டு விளைவுக்கு இதைவிட மலிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஒரு விநாடிக் கணக்கு

கம்பி வேலையில் உண்மையான ஆபத்து பாட்டு நிற்பதில் இல்லை, தீயில் இருக்கிறது. இருக்கும் கப்ளரை வெட்டிவிட்டு, ‘நேராகப் பேட்டரியிலிருந்தே இழுத்துவிட்டேன்’ என்று சொல்லும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. காரின் ஃபியூஸ் பெட்டி வழியே வரும் மின்சாரத்துக்குக் காவல் உண்டு. நேராக இழுத்த கம்பிக்கு, பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் வைத்தால் ஒழியக் காவல் இல்லை. பெட்டியின் முதுகில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியை மட்டுமே காக்கும். அதற்கு முன்னால் வரும் கம்பியைக் காக்காது.

அக்கம்பி ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசி உறை தேய்ந்து எர்த்தைத் தொட்டுவிட்டது என்போம். 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி, நீளம் 2 மீட்டர். மின்தடை 0.046 ஓம். பேட்டரியின் அகமின்தடை 0.01 ஓம். மின்னோட்டம் = 12.6 ÷ 0.056 = 225 ஆம்பியர். கம்பியில் ஒரு விநாடியில் தோன்றும் வெப்பம் I²R, அதாவது ஏறத்தாழ 2,300 ஜூல். இந்தக் கம்பியில் உள்ள செம்பின் நிறை 13.4 கிராம், தன்வெப்பம் கிராமுக்கு 0.385 ஜூல். ஒரு டிகிரி உயர 5.2 ஜூல் போதும். ஆகவே வெப்பநிலை விநாடிக்கு ஏறத்தாழ 440 டிகிரி வீதம் உயரும். சூடேறுகையில் செம்பின் மின்தடையும் கூடுவதால் இந்த வேகம் சற்றுக் குறையுமாயினும், பி.வி.சி. உறை உருகிப் புகைய ஒரு விநாடி போதுமானது. ஓட்டுநர் புகையைக் கண்டு வண்டியை ஓரங்கட்டுவதற்குள் டேஷ்போர்டின் உட்புறத்துப் பிளாஸ்டிக்கும் துணியும் பற்றிக்கொள்ளும். 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று பேட்டரியின் அருகே இருந்திருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்திருக்கும். அதன் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைதான்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதன் இடத்தில் பெரியதைப் போடுவதும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பதும் இந்தக் கணக்கைத் தெரியாதவர் செய்யும் செயல்.

ஆகவே நல்ல வேலைக்காரர் காரின் கம்பியில் கத்தியே வைப்பதில்லை. அந்தந்தக் கார் மாதிரிக்கு ஏற்ற மாற்றுக் கப்ளர் சந்தையில் கிடைக்கிறது. அதன் ஒரு பக்கம் காரின் கப்ளரில் நேரே செருகும்; மறுபக்கத்துக் கம்பிகளைப் புதிய பெட்டியின் கம்பிகளோடு மேசைமேல் வைத்தே இணைத்துவிடலாம். இணைப்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. கத்தரி வெயிலில் சாத்திய காரின் டேஷ்போர்டுக்குள் பசை இளகி, டேப் தானே அவிழ்ந்து தொங்கும். சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயுறை போடுதல் வேண்டும். அல்லது முறையாக நசுக்கிய உலோகக் குழல் இணைப்பு வேண்டும். கப்ளர் முறையில் இன்னொரு நன்மை: வண்டியை விற்கும்போது பழைய பெட்டியை மீண்டும் செருகிவிடலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் கம்பி வெட்டுப்பட்டிருந்தால் மின்சாரப் பழுது எதுவாயினும் அதை உரிமையாளர் தலையில் ஏற்றிவிட நிறுவனத்துக்கு வழி பிறக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுவது வழக்கம். ஏன் எதிர்முனை? நேர்முனையைத் திருகும்போது ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் மேலே கண்ட கணக்கு நம் கைக்கே வந்துவிடும். எதிர்முனை உடலோடுதானே இணைந்திருக்கிறது. அது பட்டால் ஒன்றுமில்லை.

சீழ்க்கை ஒலி

புதுப்பெட்டி பொருத்திய சிலர், ‘ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் அடிக்கிறது’ என்று திரும்பி வருவர். இது பெட்டியின் குற்றமன்று. ஆல்டர்னேட்டரில் மூன்று கட்ட மின்சாரம் திருத்தப்பட்டு நேர்மின்சாரமாகும்போது சிற்றலைகள் எஞ்சி நிற்கின்றன. ஆறு காந்தமுனை இணைகள் கொண்ட ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள். இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்றும்போது, கப்பி விகிதம் 2.5 எனில் ஆல்டர்னேட்டர் 5,000 சுற்றும். விநாடிக்கு 83 சுற்று. 83ஐ 36ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ். மனிதச் செவி மிக நுட்பமாக உணரும் பகுதி அது. வேகம் கூடக்கூடச் சுருதி ஏறுவதற்கும் இதுவே காரணம். பெட்டிக்கு ஓரிடத்திலும் தனிப் பெருக்கிக்கு வேறோரிடத்திலும் எர்த் எடுத்தால் இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு பாட்டோடு கலந்துவிடும். வண்ணப்பூச்சின் மேல் திருகிய எர்த்தும் அப்படியே. பூச்சைச் சுரண்டி, வெற்று உலோகத்தில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இறுக்கினால் பெரும்பாலும் சீழ்க்கை நின்றுவிடும். அதன் பின்னும் நில்லாவிட்டால் வடிகட்டிச் சுருள் தேடலாம்.

புதுச்சேரி வானொலி ஏன் கேட்கவில்லை?

நம் மாவட்டத்தாருக்கென்றே ஒரு செய்தி உண்டு. புதிய பெட்டியில் பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் எஃப்.எம். மட்டும் இரைகிறது என்பது இங்கே அடிக்கடி கேட்கும் குறை. பழைய பெட்டி எடுத்த நிலையத்தைப் புதியது ஏன் எடுக்கவில்லை?

1967இல் தொடங்கிய புதுச்சேரி வானொலி நிலையம் மத்திய அலையில் 1215 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பி வந்தது. அலைநீளம் 247 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைகள் தரையைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் 1977 ஜூலை 23இல் சென்னையில் தொடங்கிற்று. எஃப்.எம். அலைகள் மூன்று மீட்டர் நீளத்தவை. ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. அடிவானத்துக்கு அப்பால் அவற்றுக்கு வேலையில்லை. கோபுரத்தின் உயரம் 100 மீட்டர் என்றும், காரின் ஏரியல் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொண்டால், எட்டும் தொலைவு 4.12 × (√100 + √1.5), அதாவது 46 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து விழுப்புரமும் திண்டிவனமும் நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். எல்லைக்குள் இருக்கிறோம், ஆனால் ஓரத்தை நோக்கி இருக்கிறோம். சென்னையோ திண்டிவனத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வருபவர் நகரத்து நிலையங்களை வழியிலேயே ஒவ்வொன்றாக இழப்பதன் காரணம் இதுதான்.

ஓரத்தில் இருப்பவருக்கு ஏரியல் உயிர்நாடி. புதுச்சேரியின் 102.8 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீளம் 73 சென்டிமீட்டர். பழைய கார்களின் முன்பக்கத்தில் நின்ற நீட்டுக் கம்பி ஏறக்குறைய இந்த நீளம் இருந்தது தற்செயலன்று. இப்போதைய கார்களில் கூரைமேல் இருப்பதோ விரல்நீளக் குட்டை ஏரியல். குறையை ஈடுசெய்ய அதன் அடியில் ஒரு சிறு பெருக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். தொழிற்சாலைப் பெட்டி அதைத் தந்துகொண்டிருந்தது. சில வண்டிகளில் ஏரியல் கம்பியின் வழியாகவே தந்தது. புதிய பெட்டியில் அந்தப் பொறுப்பு நீலக் கம்பிக்கு உரியது. பொருத்துபவர் அதை எங்கும் கொடுக்காமல் டேப் சுற்றி விட்டுவிட்டால் பெருக்கி உறங்கும். பெருக்கி உறங்கினால் அது வெறும் ஏரியலைவிடவும் மோசம்; வரும் சிறிதளவு அலையையும் தடுத்து நிற்கும். சென்னை நகருக்குள் கோபுரத்தின் நிழலில் ஓடும் காருக்கு இது தெரியவே தெரியாது. திண்டிவனத்துக் காருக்கு அன்றே தெரிந்துவிடும். நீலக் கம்பியை ஏரியல் பெருக்கிக்குக் கொடுக்கும் சிறு இணைப்பான் கடையில் கிடைக்கிறது. பெட்டியை மாற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேட்டு வாங்குக.

ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள்

ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங்கிலேயே பொத்தான்கள் உள்ள வண்டிகளில், அவை புதிய பெட்டிக்குக் கட்டுப்படுமா என்பது அடுத்த கேள்வி. பல கார்களில் இதன் உள்ளமைப்பு நம் ஆய்வகத்து மின்னழுத்தப் பகுப்பியே. ஒவ்வொரு பொத்தானும் ஒரே கம்பியை வெவ்வேறு மின்தடை வழியே எர்த்தோடு இணைக்கிறது. எடுத்துக்காட்டாக, பெட்டியின் உள்ளே 5 வோல்ட்டும் 1,000 ஓமும் இருந்து, பொத்தான்கள் 100, 330, 1,000 ஓம் எனில், கம்பியில் தோன்றும் அழுத்தம் முறையே 0.45, 1.24, 2.5 வோல்ட். பெட்டி அந்த அழுத்தத்தை அளந்து, எப்பொத்தான் அழுத்தப்பட்டது என்று தெரிந்துகொள்கிறது. புதிய பெட்டிகள் பலவற்றுக்கு ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திக் காட்டிப் பழக்கிவிடலாம்.

வேறு சில வண்டிகளில் பொத்தானின் செய்தி ‘கேன்’ என்னும் இருகம்பித் தடத்தில் எண்களாகச் செல்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறை இது. இத்தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். பக்க இணைப்பின் கணக்குத்தான். இயந்திரமும் பிரேக்கும் பேசிக்கொள்ளும் தடத்தோடு இது தொடர்புடையதாகையால், பாட்டுக்காக இதில் கம்பியைச் செருகி ஒட்டுப் போடுவது கூடாது. அதற்கென்று விற்கும் மொழிபெயர்ப்புப் பெட்டியை இடையில் வைத்தே இணைக்க வேண்டும்.

கழற்றிய பெட்டிக்கு ஒரு வேலை

கழற்றிய பழைய பெட்டியைக் கப்ளரோடு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு செல்க. இனித் தேவையில்லை என்றால் கல்லூரி ஆய்வகத்துக்குத் தரலாம். 14 வோல்ட், 10 ஆம்பியர் மின்வழங்கி, 4 ஓம் 50 வாட் மின்தடை, 1,000 ஹெர்ட்ஸ் சைன் அலை பதிந்த குறுந்தகடு அல்லது பென்டிரைவ், ஓர் அலைகாட்டி. இவை இருந்தால் மேலே கண்ட 26 வாட் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஓரிடத்தில் அலையின் முகடு தட்டையாகத் தொடங்கும். அப்போதுள்ள உச்ச அழுத்தத்தைக் குறித்து, அதன் இருமடியை 8ஆல் வகுக்க வருவதே அந்தப் பெட்டி தூய்மையாகத் தரக்கூடிய வாட். ஒரு முன்னெச்சரிக்கை: அலைகாட்டியின் எர்த்துப் பிடியை ஒலிபெருக்கி முனை எதிலும் மாட்டலாகாது. அது பாலச் சுற்றின் ஒரு பாதியை எர்த்தில் தள்ளிவிடும். அலைகாட்டியின் இரு வழிகளையும் இரு முனைகளில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டும் நிலையில் பார்க்க வேண்டும்.